இலை இருக்கும் அளவுக்கு ஆடு

ஆட்டுப்பால் பண்ணை வைக்க யோசனை கேட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஆடு வச்சிருக்கீங்க?" என்றுதான். தாய் ஆடு பன்னிரண்டு, அதில் ஒரே சமயத்தில் கறவையில் நிற்பது ஆறோ ஏழோ என்றதும் அவர்கள் முகம் வாடிவிடும். நூறு ஆடு, இருநூறு ஆடு, பரண் கொட்டகை, வங்கிக் கடன், மாத வருமானம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். கறிக்கு வளர்க்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். பாலுக்கு வளர்க்கிறவர்களுக்கு நான் வேறு கணக்குச் சொல்வேன். ஒரு வீட்டு ஆட்களின் கண்ணும் கையும் எட்டுகிற எண்ணிக்கை ஒன்று. அந்த நிலத்தில் தழைக்கிற இலை தாங்குகிற எண்ணிக்கை ஒன்று. இரண்டில் எது குறைவோ அவ்வளவுதான் ஆடு. எங்களுக்கு அது பன்னிரண்டில் நிற்கிறது.

எங்கள் காடு சேந்தமங்கலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்கே பார்த்தால் கொல்லிமலை. மொத்தம் மூன்று ஏக்கர். கிணற்றுத் தண்ணீர் பாய்வது ஒரு ஏக்கருக்குத்தான், மற்றது மானாவாரி. நான் கல்யாணமாகி வந்தபோது என் மாமியார் நாலைந்து சேலம் கருப்பு வைத்திருந்தார். உடம்பு முழுக்கக் கறுப்பு, கால் உயரம், வெயிலுக்கு அசராது, கிடைத்ததைத் தின்னும். குட்டி குடித்தது போக ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் பால் மிஞ்சும். அது வீட்டுக் காபிக்குச் சரியாகப் போகும். ஆடு பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அத்தைதான். புத்தகத்தில் படித்ததும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் போட்ட அடித்தளத்தின் மேல் வந்தவை.

பாலை விற்கலாம் என்று முடிவு செய்தபோது தலைச்சேரி வாங்கினோம். மலபார்க் கரையில் அரபு வணிகர்கள் கொண்டுவந்த ஆடுகளும் அந்த ஊர் ஆடுகளும் கலந்து உருவான இனம் அது. ஈற்றுக்கு இரண்டு குட்டி சாதாரணமாகப் போடும், சிலது மூன்று போடும். நல்ல ஆடாக இருந்தால் உச்சத்தில் நாளைக்கு ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை மடியில் இறங்கும். ஐந்து மாதம், ஆறு மாதம் கறக்கும். ஜமுனாபாரி இதைவிடப் பால் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதன் சொந்த மண் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா பக்கம், சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் முள்காடு. அந்த வறண்ட காட்டில் நிமிர்ந்து இலை பறித்துத் தின்று பழகிய நெட்டை ஆட்டை இங்கே ஐப்பசி மழையில் ஈரத் தரையில் கட்டிப்போட்டால் சளி பிடித்து மெலிந்துபோகிறது. பக்கத்துக் காடுகளில் நான் பார்த்தது அது. சுவிட்சர்லாந்தின் சானென் ஆடு பாலுக்கு உலகத்திலேயே பெயர் பெற்றது. கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் சானென், ஆல்பைன் கிடாக்களைப் பஞ்சாபின் பீட்டல் ஆடுகளோடு சேர்த்துக் கலப்பினமே உண்டாக்கினார்கள். கொட்டகைக்குள் வைத்து வேளாவேளைக்குத் தீவனம் கொடுக்க முடிந்தவர்களுக்கு அதெல்லாம் சரி. பங்குனி வெயிலில் வேலி ஓரம் மேய்க்கிற என் போன்றவர்களுக்கு நம் பக்கத்து ரத்தம் உள்ள ஆடே போதும்.

பால் ஆட்டைச் சந்தையில் வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தை கறி ஆட்டுக்கும் கிடாவுக்கும் அருமையான இடம். கறவை ஆட்டை மட்டும் அங்கே எடை போட முடியாது. மடி பெரிதாகத் தெரிவதற்காக முதல் நாள் சாயங்காலமே கறக்காமல் விட்டு ஓட்டி வருவார்கள். வளர்க்கிறவர் வீட்டுக்கே போய், ஒரு சாயங்காலக் கறவையும் மறுநாள் காலைக் கறவையும் பார்க்க வேண்டும். கறந்து முடித்தபின் மடி சுருங்கித் தொய்ந்து துணிபோல் மடிய வேண்டும். கறந்த பிறகும் கல்லென்று நிற்பது சதை மடி, அதில் பால் அவ்வளவுதான். இரண்டு காம்பும் ஒரே அளவாக, கைக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும். மடிக்குள் விரலால் அழுத்திப் பார்த்தால் கட்டி தட்டுப்படக் கூடாது. பல்லைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள்ளலாம்: முன்பற்களில் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்றரை வயதுக்குப் பக்கம், நாலு பல்லானால் இரண்டு தாண்டியது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, இதன் தாய் எவ்வளவு கறந்தது என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவரிடம் நான் ஆடு வாங்குவதில்லை. கிடாவுக்கும் இதே விதிதான். கிடாவின் உயரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அதன் தாயின் மடியை யாரும் விசாரிப்பதில்லை. பால் வர்க்கத்தில் பாதி கிடா வழியாகத்தான் பட்டிக்குள் வருகிறது.

இனி இலைக்கு வருகிறேன், என் வேலையில் முக்கால்வாசி அதுதான்.

மாட்டைப் போலத் தலை குனிந்து புல்லை வாரித் தின்பது வெள்ளாட்டின் இயல்பு கிடையாது. அது முன்னங்காலைத் தூக்கி வேலியில் வைத்து நுனி நுனியாகக் கடிக்கிற பிராணி. ஒரு செடியில் நாலு வாய் கடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். தரையில் போட்ட தீவனத்தை ஒரு முறை மிதித்துவிட்டால் பிறகு தொடாது. அதனால் எங்கள் கொட்டகையில் தழையைக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஆட்டின் தலை உயரத்துக்குக் கயிற்றில் தொங்கவிடுகிறோம். வேலி முழுக்கக் கிளுவை. வரப்பெல்லாம் அகத்தி. கிணற்று மேட்டில் முருங்கையும் சவுண்டலும். கிணற்றுத் தண்ணீர் பாய்கிற நிலத்தில் கால் ஏக்கர் வேலிமசால். நாற்பது நாளைக்கு ஒரு முறை அறுக்கலாம், புரதம் நிறைந்தது. மானாவாரிக் காட்டில் நிற்கிற வெள்வேல மரங்கள் கோடையில் நெற்று உதிர்க்கும். அந்த நெற்றைப் பொறுக்கிச் சாக்கில் சேர்த்து வைப்பது அத்தை காலத்து வழக்கம், இன்றும் நிறுத்தவில்லை. பச்சை இல்லாத சித்திரை மாதத்தில் ஒரு கை நெற்று மடியில் தெரியும்.

எந்த இலையாக இருந்தாலும் தனியாக வயிறு நிறையப் போடக் கூடாது. சவுண்டலில் மைமோசின் என்ற நச்சு உண்டு. தொடர்ந்து அதையே போட்டால் ஆட்டுக்கு முடி கொட்டும், அதனால் மொத்தப் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறேன். வேப்பந்தழை அதிகம் தின்ற அன்று பால் கசக்கும், வாங்குகிற வீட்டில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இவற்றையெல்லாம்விடப் பயப்பட வேண்டியது குச்சிக்கிழங்குத் தழை. ஜவ்வரிசி ஆலைகளுக்காகச் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் எங்கு பார்த்தாலும் குச்சிக்கிழங்குக் காடுதான். கிழங்கு பிடுங்கும் காலத்தில் பச்சைத் தழை வரப்பில் குவிந்து கிடக்கும். கயிறு அறுத்துக்கொண்டு போன ஆடு அதை ஆவலாகத் தின்னும். அந்தத் தழையில் இருக்கிற பொருள் வயிற்றுக்குள் போய்ச் சயனைடாக மாறும். மூச்சு வாங்கும், தள்ளாடும், விழுந்து துடிக்கும். மருத்துவர் வந்து ஊசி போடுவதற்குள் முடிந்துவிடுவதும் உண்டு. பூக்காத இளஞ்சோளப் பயிரிலும், மழை இல்லாமல் வாடி மறுபடி துளிர்த்த சோளத்திலும் இதே ஆபத்து. குச்சித் தழையைப் பரப்பி நன்றாக வெயிலில் உலர்த்தினால் நஞ்சு பெரும்பாலும் போய்விடும். உலர்ந்ததை நாங்களும் மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுக்கிறோம்.

கறக்கிற ஆட்டுக்கு அடர்தீவனம் வேண்டும். மக்காச்சோளம் உடைத்தது, கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் தாது உப்பு. கால் கிலோவில் தொடங்கிப் பாலைப் பார்த்துக் கூட்டுவோம். ஊரில் பாசத்தால் செய்கிற ஒரு காரியத்தை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்கு வைப்பார்கள். அசைபோடும் வயிற்றில் மாவுப்பொருள் திடீரென்று அதிகமானால் புளித்து அமிலமாகும். ஆடு அசைபோடுவதை நிறுத்தி, வயிறு கெட்டுச் சுருண்டு படுத்துவிடும். ஆப்பச்சோடா கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றியதும் உண்டு, காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு.

இலைக்கும் குடற்புழுவுக்கும் ஒரு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. நம் ஊர் வெள்ளாடுகளைச் சத்தமில்லாமல் உருக்குவது இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கிற ஒரு மெல்லிய புழு. அதன் முட்டை புழுக்கையோடு தரையில் விழுந்து, ஈரத்தில் பொரிந்து, குஞ்சுப் புழு புல்லின் மேல் ஏறிக் காத்திருக்கும். தரையை ஒட்டிய சில அங்குலப் புல்லில்தான் அது அதிகம். உயரத்தில் இருக்கிற இலையைத் தின்கிற ஆட்டுக்கு இந்தப் புழு அவ்வளவாக ஏறாது. புல்லைக் கரண்டித் தின்ன விட்ட ஆட்டுக்கு ஒவ்வொரு வாயிலும் ஏறும். பனி காய்வதற்கு முன்னால் ஆட்டை அவிழ்க்காதே என்று அத்தை சொல்வதற்குக் காரணம் இதில் இருக்கிறது. பரண் தரையும் இதற்காகத்தான். பலகைகளுக்கு நடுவில் புழுக்கை விழ வேண்டும், குட்டியின் குளம்பு சிக்கக் கூடாது. அந்த இடைவெளி சரியாக அமைந்தால் ஆடு தன் புழுக்கையின் மேல் படுக்க வேண்டியிருக்காது, கீழே விழுந்த எருவும் வீணாகாது.

முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் பூச்சி மருந்து ஊற்றுவது எல்லோர் வழக்கமாகவும் இருந்தது. அப்படிச் செய்யச் செய்ய மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சி, அவையே பெருகுகின்றன. தென்னாப்பிரிக்கக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். ஆட்டின் கீழ் இமையை இறக்கி உள்சதையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பிலிருந்து காகித வெள்ளை வரை ஐந்து நிறம் அச்சிட்ட அட்டை ஒன்றோடு ஒப்பிட்டு, வெளுத்திருக்கிற ஆட்டுக்கு மட்டும் மருந்து ஊற்ற வேண்டும். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, கோடையில் மாதம் இரண்டு முறை எல்லா ஆட்டின் இமையும் பார்க்கிறேன். எப்போதும் வெளுக்கிற ஆடு ஒன்றிரண்டு இருக்கும். அவற்றின் குட்டியை வளர்ப்புக்கு வைப்பதில்லை. மருந்தே இல்லாமல் சிவப்பாக நிற்கிற ஆட்டின் பெட்டைக் குட்டியை, பால் கொஞ்சம் குறைந்தாலும், வைத்துக்கொள்வேன். பன்னிரண்டு ஆட்டில் இதெல்லாம் காலைக் கறவையோடு கறவையாக முடிகிற வேலை. இருநூறு ஆட்டில் இமை பார்க்கக் கூலிக்கு ஒருவர் வேண்டும். அவருக்கு எந்த ஆடு போன மாதம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கவும் வேண்டும்.

ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம், நூற்றைம்பது நாளுக்கு ஒன்றிரண்டு முன்பின். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே கறவையை நிறுத்திவிடுவோம். வயிற்றுக் குட்டி பாதிக்கு மேல் வளர்வது அந்தக் கடைசி நாட்களில்தான். ஈனுகிற அன்று ஆடு தனியே ஒதுங்கும், தரையைக் கீறும், வால் அடியில் இரண்டு பக்கமும் குழி விழும். முன்னங்கால் இரண்டும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் கையை வைக்காமல் ஒதுங்கி நிற்பேன். ஒரு கால் மட்டும் வந்தாலோ, பனிக்குடம் உடைந்து நேரமாகியும் எதுவும் தெரியாவிட்டாலோ மருத்துவரைக் கூப்பிட்டுவிடுவது நல்லது. குட்டி விழுந்ததும் மூக்கில் இருக்கிற கோழையைத் துடைத்துத் தாயின் முன்னால் போட வேண்டும். அது நக்கி நக்கிக் காய வைக்கும், அந்த நக்கலில்தான் குட்டியின் வாசனையைத் தெரிந்துகொள்கிறது. தொப்புளுக்கு அயோடின் வைத்துவிட்டு, எழுந்து நின்றதும் சீம்பால் குடிக்க வைப்பேன். குட்டி நோய் எதிர்ப்பு ஒன்றும் இல்லாமல்தான் பிறக்கிறது. தாயின் எதிர்ப்புச் சக்தி முழுவதும் அந்தச் சீம்பால் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குத்தான் குட்டியின் குடல் அதை அப்படியே உறிஞ்சும். நேரம் போகப் போக அந்தக் கதவு மூடிக்கொண்டே வரும். மூன்று குட்டி போட்ட ஆட்டுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து, மெலிந்த குட்டியைக் கையில் பிடித்துக் காம்பில் வைப்பேன். மூன்றில் இரண்டு முந்திக்கொள்ளும், ஒன்று எப்போதும் பின்தங்கும்.

பால் யாருக்கு என்ற கேள்வி அப்போதே தொடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டு ஏற்பாடு இது. பிறந்து மூன்று வாரம் வரை மொத்தப் பாலும் குட்டிக்கு. மடியில் மிஞ்சிக் கட்டிக்கொள்ளும் அளவு இருந்தால் மட்டும் அதை இறக்கிவிடுவோம். அதற்குப் பிறகு இரவில் குட்டிகளைத் தனிக் கூடையில், தாய் பார்க்கிற தூரத்தில் அடைப்போம். காலையில் கறந்துகொள்வோம். கறந்ததும் குட்டிகளை விட்டால் பொழுது சாயும் வரை தாயோடு இருக்கும். இதில் எங்களுக்குக் கிடைப்பது ஆட்டுக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர்தான். இரண்டு வேளையும் கறந்து, குட்டியைப் பிரித்துப் பால்பொடி கரைத்து ஊட்டினால் விற்கிற பால் கூடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் குட்டி முட்டி முட்டி மடியைக் காலி செய்வதால் மடிநோய் குறைகிறது. குட்டி வேகமாக வளர்கிறது, அடுத்த தலைமுறைக் கறவை உறுதியாகிறது. வீட்டுப் பெண்ணுக்குச் சாயங்காலம் ஒரு வேலையும் மிச்சம். பாலின் விலையில் குட்டியின் பங்கை எடுத்துவிட்டுக் கணக்குப் பார்க்கிற பண்ணை நீண்ட நாள் ஓடி நான் பார்த்ததில்லை.

கிடாக்குட்டிகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பிறப்பதில் பாதி கிடாக்கள். ஒரு பட்டிக்கு ஒரு கிடா போதும், அதையும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் மகளோடேயே சேர்ந்து குட்டிகள் நோஞ்சானாகும். மற்றவை ஆடிக்கும் தீபாவளிக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் விலைக்குப் போகின்றன. நாங்கள் சம்பாதிப்பதில் பெரிய பங்கு அந்த விற்பனையில்தான் வருகிறது. பால் ஆடு வளர்க்கிறேன், கறிக்கு நான் பொறுப்பில்லை என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. குட்டி பிறக்காமல் பால் இல்லை. விற்கிற நாள் வரை அதற்குத் தாய்ப்பாலும் இலையும் குறைவில்லாமல் கொடுப்பதும், வண்டியில் காலைக் கட்டி அடைக்காமல் அனுப்புவதும் என் பொறுப்பு என்று வைத்திருக்கிறேன்.

கறவை வேலை கைப்பழக்கம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை மேடை, முன்னால் தீவனத் தொட்டி. ஆடு தானே ஏறி நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மடியைத் துடைத்ததும் பால் இறக்கும். அந்த இறக்கம் சில நிமிடங்களே நிற்கும், அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கி வைத்துக் காம்பை இழுத்துக் கறப்பவர்கள் உண்டு. அப்படிக் கறந்தால் காம்பின் உள்தோல் நைந்து கிருமிக்கு வழி விடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே பூட்டிக்கொள்ள, மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக அழுத்திக் கீழே இறக்க வேண்டும். முதல் இரண்டு பீய்ச்சல் பால் பாத்திரத்தில் விழக் கூடாது. கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்ப்பேன். திரிதிரியாகத் தெரிந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆட்டைக் கடைசியில் கறந்து, பாலைத் தனியே கொட்டி, மருத்துவரைப் பார்ப்போம். முதல் ஈற்று ஆடு முதலில், வயதானது பிறகு, நோய் கண்டது கடைசியில் என்ற வரிசை எங்கள் வீட்டில் மாறவே மாறாது.

ஆட்டுப்பாலில் வாடை அடிக்கும் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு டம்ளர் காய்ச்சிக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். வாடை பெரும்பாலும் கிடாவிடமிருந்து வருகிறது. சேர்க்கைக் காலத்தில் கிடா தன் தாடியிலும் முகத்திலும் தானே சிறுநீர் தெளித்துக்கொள்ளும், கொம்புக்குப் பின்னால் வாசனைச் சுரப்பியும் உண்டு. அதைக் கறவை ஆடுகளுக்கு நடுவில் கட்டி, பாலையும் திறந்து வைத்தால் பால் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும். கிடாவுக்குக் காட்டின் மறுகோடியில் தனிக் கொட்டில் போட்டோம். கறந்ததை உடனே வடிகட்டி, மூடி, குளிர்ந்த தண்ணீரில் பாத்திரத்தை வைத்துவிடுவோம்.

பச்சைப் பால்தான் சத்து, காய்ச்சாமல் குடிக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் பால் கொடுப்பதில்லை. மால்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்களை வாட்டிய விடாக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் 1887-ல் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய 1905 வரை ஆனது. தெமிஸ்டோக்ளீஸ் சம்மிட் என்ற அந்தத் தீவின் மருத்துவர் ஆடுகளைச் சோதித்தார். பார்க்க எந்த நோயும் இல்லாத ஆடுகளின் பாலில் அந்தக் கிருமி இருந்தது. அந்த நோய் இன்றைக்கும் நம் ஆடுகளில் இருக்கிறது, சினை ஆட்டைக் குட்டி வீச வைக்கவும் செய்கிறது. பட்டியில் குட்டி வீச்சு வீசினால் வெறும் கையால் நஞ்சுக்கொடியைத் தொடாதீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள்.

வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் மருந்தாக நினைத்துத்தான் வருகிறார்கள். டெங்கு பரவுகிற புரட்டாசி, ஐப்பசியில் அதிகாலையிலேயே வாசலில் வண்டி நிற்கும். "ஏனுங்கக்கா, பிளேட்லெட் ஏறும்னு சொல்றாங்களே, எவ்வளவு வேணும்னாலும் தர்றேனுங்க" என்று ஒரு அப்பா கெஞ்சுவார். பாலை எப்போதும் கொடுக்கிற விலைக்கே கொடுத்து, "இது பாலுங்க தம்பி, மருந்தில்லைங்க, புள்ளைய ஆஸ்பத்திரியில் வச்சுப் பாருங்க" என்று சொல்லி அனுப்புவேன். அந்த நாட்களில் விலையை ஏற்றி விற்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆட்டுப்பாலின் உண்மையான குணம் போதுமானது. அதன் கொழுப்பு உருண்டைகள் சிறியவை. வயிற்றில் தயிர் மென்மையாகக் கட்டும். பல முதியவர்களுக்குப் பசும்பாலைவிட இது இலகுவாக இருக்கிறது. பாலிலுள்ள சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது, ஏனென்றால் லாக்டோஸ் இதிலும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒவ்வாது. கைக்குழந்தைக்கு இதை மட்டுமே கொடுத்து வளர்த்தால் ஃபோலிக் அமிலக் குறைவால் ரத்தச்சோகை வரும். தாய்ப்பால் இல்லை, ஆட்டுப்பால் ஊற்றலாமா என்று கேட்கிறவர்களை மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன். கூட்டுறவுச் சங்கங்கள் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் ஏற்பட்டவை, எங்கள் பாலுக்கு வீடு வீடாகப் போவதுதான் வழி. நாலு லிட்டர் பாலுக்குப் பத்து வீடு போதும். பத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் கொட்டகை தெரியும். நாற்பது லிட்டர் ஆனால் குளிர்பெட்டியும் வண்டியும் தெரியாத முகங்களும் வேண்டும்.

நோய்களில் நான் அதிகம் அஞ்சுவது ஆட்டுக்கொல்லிக்கு. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் மாநிலத்தில்தான், 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். மாடுகளை அழித்த வெக்கை நோய்க்கு நெருங்கிய உறவு. வெக்கை 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. இது இன்னும் ஒழியவில்லை. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாயில் புண், அப்புறம் கழிச்சல். ஒரு பட்டிக்குள் புகுந்தால் பாதியை அள்ளிக்கொண்டு போகும். தடுப்பூசி அருமையானது. மூன்று, நான்கு மாதக் குட்டியில் போட்டால் மூன்று வருடம் காக்கும். வெளியிலிருந்து ஆடு வாங்கினால் மூன்று வாரம் பட்டியில் சேர்க்காமல் தனியே கட்டுவோம். பருவமழைக்கு முன்னால் துள்ளுமாரிக்கும் ஊசி உண்டு. முதல் மழையில் முளைத்த இளம்புல்லைக் கொழுத்த குட்டி வயிறு முட்டத் தின்றுவிட்டு, துள்ளி விழுந்து சாகிற நோய் அது.

எண்ணிக்கை பற்றிய என் பிடிவாதம் உறுதியானது 2017 கோடையில். முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. கிணறு வற்றியது, வேலிமசால் காய்ந்தது. ஊரில் ஆடு வைத்திருந்த எல்லோரும் சந்தைக்கு ஓட்டினார்கள், விலை சரிந்தது. 2011-ல் அரசு தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் நான்கு நான்கு ஆடு வாங்கிப் பெருக்கியிருந்த வீடுகளில், வேலியும் மரமும் இருந்தவர்கள் ஒன்றிரண்டைத் தக்கவைத்தார்கள். நிலமில்லாதவர்கள் எல்லாவற்றையும் விற்றார்கள். எங்களிடம் கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் மட்டும் பச்சையாக நின்றன. அத்தை வேலியைக் கையால் அளப்பதுபோல நடந்து பார்த்துவிட்டு, "இது ஆறு ஆட்டுக்குத்தான் வரும் கண்ணு, மத்ததக் குடுத்துரு" என்றார். உடம்பு தேய்வதற்கு முன்னால் விற்றதால் அந்தச் சரிவிலும் ஓரளவு நல்ல விலை கிடைத்தது. வைத்துக்கொண்ட ஆறும் மெலியாமல் மழையைப் பார்த்தன. மறு வருடம் அவற்றின் பெட்டைக் குட்டிகளிலிருந்தே பட்டி மீண்டது.

இப்போது என் மகள் மூன்று மூட்டுக்குட்டிகளை விற்காமல் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். மூன்றும் இமை சிவந்த ஆட்டின் வர்க்கம், தாய் முதல் ஈற்றிலேயே நன்றாகக் கறந்தது. அவள் கேட்பது நியாயம்தான். கிழக்கு வரப்பில் கூடுதலாக அகத்தி ஊன்றச் சொல்லியிருக்கிறேன், வேலியின் இடைவெளிகளில் கிளுவைப் போத்து நடும் வேலையும் தொடங்கிவிட்டது. அகத்தி முதல் வெட்டுக்கு வர எட்டு மாதம் பிடிக்கும். குட்டிகளைக் கிடாவோடு சேர்க்கவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் இருக்கிறது. அந்த வெட்டில் எத்தனை கட்டுத் தழை வருகிறதென்று பார்த்துவிட்டு, மூன்றையும் வைப்பதா, ஒன்றை மட்டும் வைப்பதா என்று முடிவு செய்வோம்.